கட்டப்படாத வீட்டின் நிழல்

முதல் அநியாயம் கப்பலில் நடந்தது. ஏற்றியவன் சொன்ன ஊர் ஒன்று, இறக்கியவன் காட்டிய ஊர் இன்னொன்று. இரண்டாவது அநியாயம் வேலி. க்வாந்தோலா மலைச்சரிவில் ஜூலுக் குடும்பங்களின் மாடுகள் காலையில் மேயப் போயின, சாயங்காலம் திரும்பும்போது வழியில் கம்பி நின்றது, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற மாடெல்லாம் துரையின் மாடு என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது அநியாயம் ஆலை. வேலிக்குள் சீகை மரம் நட்டு, அதன் பட்டையை உரித்து, தோல் பதனிடுவதற்காக அரைத்தபோது எழுந்த தூசியைக் கப்பலில் வந்தவன் பேரனும் மாட்டை இழந்தவன் பேரனும் ஒரே வரிசையில் நின்று மூச்சில் வாங்கினார்கள். நான்காவது, சரிவில் இருந்த ஒரே ஊற்றுக்குக் குழாய் போட்டு மானேஜர் பங்களாவின் ரோஜாச் செடிக்குக் கொண்டுபோனது. ஐந்தாவது, கூலி கேட்டு ஆலையை நிறுத்தியவர்களைத் தடியால் அடித்துப் பதினொரு மாதம் சிறையில் வைத்தது. ஆறாவது அநியாயம் லாரி. கறுப்பர்களை வடக்கே போகும் லாரியிலும் தமிழர்களைத் தெற்கே போகும் லாரியிலும் ஏற்றினார்கள். கோழிகளை எந்த லாரியில் ஏற்றுவது என்று மேலதிகாரியின் உத்தரவில் இல்லாததால் அவை காட்டுக்குள் ஓடின. ஏழாவது, முப்பது வருடம் கழித்து நிலத்தைத் திருப்பிக் கொடுத்தபோது மரத்தையெல்லாம் வெட்டி எடுத்துக்கொண்டு அடிக்கட்டையை மட்டும் விட்டுப்போனது.

இந்த ஏழையும் இந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும் என்பது அங்கமுத்து படையாச்சியின் சட்டம். அவர் பள்ளிக்கூடத்தில் படித்தது இரண்டே வருடம். மிச்சப் படிப்பு முழுவதும் துண்டறிக்கையில் படித்தது, துண்டறிக்கை எழுதிப் படித்தது. அந்தச் சரிவுக்குத் திரும்பி வந்து குடியிருந்த அந்த எழுபத்து நான்கு வயதுக்காரரிடம், தபால்காரர் தொடங்கி மந்திரி வரை யார் வந்து நின்றாலும் அந்த ஏழையும் கேட்டுவிட்டுத்தான் உட்கார முடியும். யாராவது வாய்தவறி வேலிக்கு முன்னால் ஊற்றைச் சொல்லிவிட்டால், "கப்பல்லேர்ந்து ஆரம்பி" என்பார்.

"திருப்பிக் குடுத்ததையுமா பாபா அநியாயத்துல சேக்குறீங்க?" என்று கேட்பாள், அவரை அப்பா என்ற பொருளில் ஜூலு வழக்கப்படி பாபா என்றே கூப்பிடும் ஜபூலிலே. க்வாந்தோலா நிலக் குழுவின் தலைவி அவள். நாற்பது குடும்பத்துக்கும் அவள் வாக்குத்தான் வாக்கு.

"குடுக்கலை. திரும்பி வந்துச்சு. திருடு போன மாடு திரும்பி வந்தா திருடனுக்கு மாலை போடுவியா?"

அங்கமுத்து நன்றி சொல்லி யாரும் கேட்டதில்லை. அந்த ஊரில் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து வாங்குவார்கள், ஒரு வாய்த் தண்ணீரானாலும் சரி. அவர் ஒரு கையால்தான் வாங்குவார். ஒரு கை போதும், இன்னொன்று கொடி பிடிக்க வேண்டும் என்பார். ஜெயிலுக்குப் போனவர், கோரிக்கை மனுவாக எழுதி எழுதியே நிலத்தை மீட்டவர் என்பதால் ஊர் அதைச் சிரித்துப் பொறுத்துக்கொண்டது.

அந்தச் சரிவில் விருந்தினர் விடுதி கட்டுவது என்று நிலக் குழு முடிவு செய்தபோது, திட்டத்தை எழுதும் வேலை அவரிடம் வந்தது. சிமெண்டு தொடாத விடுதி. மண்ணைக் குழைத்து வெயிலில் காயவைத்த செங்கல், மலைப்புல் வேய்ந்த கூரை, சூரிய வெளிச்சத்தில் எரியும் விளக்கு, மழையைப் பிடிக்கும் தொட்டி, மனிதக் கழிவை உரமாக்கும் கழிப்பறை. பட்டணத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பறவை பார்க்க வருகிறவர்கள் அதில் தங்குவார்கள், அதில் வரும் வருமானத்தில் குழந்தைகளுக்குப் பாலர் பள்ளியும், பிரசவம் பார்க்க ஒரு நர்ஸும், செத்துப்போன ஊற்றுக்குப் பதிலாக ஒரு குழாயும் வரும். ஆறு அறை, முன்னால் தாழ்வாரம், பின்னால் தண்ணீர்த் தொட்டி என்று அங்கமுத்து கோடு கிழித்தார். சுற்றுலா நிதியிலிருந்து ஒரு பெண் அதிகாரி பச்சைக் காரில் வந்து ஏழு அநியாயத்தையும் கேட்டு, உட்கார்ந்து, வரைபடத்தை விரித்துப் பார்த்தாள்.

"எல்லாம் நல்லா இருக்கு. சமையலறை எங்கே?"

குழு உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எதுக்கு?" என்றாள் ஜபூலிலே.

"விருந்தாளிங்க எங்கே சாப்பிடுவாங்க?"

"எங்க வீட்டுல."

"எந்த வீட்டுல?"

"எந்த வீட்டுல அடுப்பு எரியுதோ அந்த வீட்டுல."

அவர்களுக்கு அதில் விளக்குவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. வந்தவனுக்குத் தனிப் பானையில் சமைப்பது அந்தச் சரிவில் வந்தவனை வெளியே போ என்று சொல்வதற்குச் சமம். மனிதர் தூங்க அறை வேண்டும், அது சரி, ஆனால் சோற்றுக்கு ஓர் அறையா? அதிகாரி நல்ல பெண், சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். ஆனால் சமையலறை இல்லாத விடுதிக்கு நிதி கிடையாது என்றும், செப்டம்பர் முதல் வாரம் பறவை பார்க்கும் ஐந்து பேர் வருவதாக ஏற்பாடு ஆகியிருக்கிறது என்றும், அதற்குள் வாசல் திறக்காவிட்டால் பட்டியலில் அடுத்ததாக இருக்கும் ஊருக்கு இது போய்விடும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். கட்டும் வேலைக்குக் கொத்தனார் பெகா என்பவன் பொறுப்பு. அவன் முளைக்குச்சி அடித்துச் சாம்பலால் கோடு போட்டான், அதுவும் பழைய வரைபடப்படி ஆறே அறைக்கு, ஏனென்றால் சமையலறையை எந்தப் பக்கம் வைப்பது என்று சண்டை முடியவில்லை.

மறுநாள் பகலில் பெகாவின் நாய் அந்த மொட்டைச் சரிவின் நடுவில் நாக்கைத் தொங்கவிடாமல் படுத்திருந்தது. அடிக்கட்டையைத் தவிர வேறொன்றும் இல்லாத இடம், சுற்றிலும் மண் கொதிக்கிறது, நாய் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சுகமாகப் படுத்திருக்கிறதே என்று பெகா கிட்டே போய்ப் பார்த்தான். நாய் படுத்திருந்தது நிழலில். நிழல் ஒரு தாழ்வாரத்தின் நிழல். தாழ்வாரத்துக்குப் பின்னால் சுவர், சுவருக்கு நடுவில் வாசல், வாசலுக்கு இரு பக்கமும் சன்னல், மேலே புல்கூரையின் விளிம்பு நார்நாராகத் தரையில் விழுந்து காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் வானம்தான் இருந்தது. பெகா தொப்பியைக் கழற்றினான். நிழலின் வாசலுக்கு வெளியே நின்று, அந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் செய்வது போல, உள்ளே இருப்பவர்கள் கேட்கும்படி குரல் கொடுத்தான். பதில் வரவில்லை, ஆனால் குரல் கொடுத்தாயிற்று என்பதால் உள்ளே போய் நாயின் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு மதியம் முழுவதும் எழுந்திருக்கவில்லை.

ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. காலையில் நிழல் மேற்கே நீண்டு பழைய ஆலையின் இடிந்த சுவரைத் தொட்டது, உச்சியில் சுருங்கியது, சாயங்காலம் கிழக்கே புரண்டு ஆற்றுப்பாதை வரை போனது. நிழலோடு சேர்ந்து பாயும் முக்காலியும் இடம் மாறின. மாதம் ஒரு முறை வரத் தொடங்கிய நர்ஸ், தன் தராசை நிழலின் மூன்றாவது அறையில் தொங்கவிட வழியில்லை என்பதால் ஒரு கழி நட்டுத் தொங்கவிட்டு, குழந்தைகள் வெயிலில் அழாமல் எடை பார்க்க முடிகிறது என்று அந்த அறைக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். பாலர் பள்ளி நான்காவது அறையில் தொடங்கியது. வாசல் நிழல் வழியாக அல்லாமல் சுவர் நிழலைத் தாண்டி வந்த குழந்தைகளுக்கு முதுகில் ஒன்று விழுந்தது. "சுவரைப் பிச்சிக்கிட்டா வருவே? வாசல் எதுக்கு இருக்கு?" மேகம் மூடிய நாட்களில், வீடு ஊருக்குப் போயிருக்கிறது, வந்துவிடும் என்றார்கள். விடுதி வந்து பாலர் பள்ளி வரும், விடுதி வந்து நர்ஸ் வருவாள் என்று எழுதிய திட்டத்தில் விடுதி வருவதற்கு முன்பே இரண்டும் வந்துவிட்டன; ஆகவே சாயங்காலம் நிழல் கரையும் நேரத்தில் அங்கே இருப்பவர் யாரானாலும் கையைக் குவித்து அதற்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது வழக்கமாயிற்று. அங்கமுத்து மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து போனார். நிழல் எந்தத் துரையின் சொத்தும் இல்லை, அதை யாரும் கொடுக்கவும் இல்லை என்றார்.

பச்சைக் கார் மறுபடி வந்தது. அதிகாரி சுற்றிப் பார்த்தாள், நிழலுக்குள் வந்து பெருமூச்சு விட்டாள், படிவத்தில் "நிழல்: உண்டு" என்று எழுதினாள். பிறகு எண்ணினாள்.

"சமையலறை சேர்த்துட்டீங்க. ரொம்ப நல்லது."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கோடு போடாத இடத்தில், ஆறாவது அறைக்குப் பக்கவாட்டில், ஏழாவதாக ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது. அகலமான சன்னல், புகைபோக்கி, புகைபோக்கியிலிருந்து புகையின் நிழல் தரையில் ஊர்ந்து போய்ப் புல்லில் மறைந்தது. உள்ளே ஒரு பெண்ணின் நிழல் நின்று கிண்டிக்கொண்டிருந்தது. இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அகப்பையைத் தூக்கியது. நாக்குக்குக் கொண்டுபோகவில்லை, மூக்குக்குக் கொண்டுபோய், மோந்து, உப்புப் போட்டது.

அங்கமுத்து அந்தச் சன்னலின் நிழல் வரை நடந்து போனார். அகப்பை மறுபடி மூக்குக்குப் போவதைப் பார்த்தார். பானையிலிருந்து ஒரு சொட்டும் வாயில் படக்கூடாது என்று சொல்லி வைத்திருந்த சமையலறை ஒன்றே ஒன்றுதான் அவருக்குத் தெரியும், மூக்காலேயே உப்புப் பார்க்கக் கற்றுக்கொண்ட பெண் ஒருத்தியைத்தான் தெரியும்.

ஐந்தாவது அநியாயத்தைச் சொல்லும்போது அவர் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்வார். ஆலைக்குப் பின்னால் போராட்டக் குழு கூடிய இடத்தைப் போலீசுக்குச் சொன்னது மானேஜர் பங்களாவின் சமையல்காரி என்பது அந்த வாக்கியம். போலீஸ் அங்கே வந்து தடியால் அடித்தபோது தப்பி, தன்னைப் பிடித்துக்கொண்டு போவதற்கு முந்தின நாள், இருபத்தைந்து வயது அங்கமுத்து அதை ஒரு துண்டறிக்கையில் பெயரோடு எழுதி, தகர டிரம்மின் மேல் ஏறி நின்று வாசித்தார். அன்றிலிருந்து அவளுக்கு யாரும் பால் ஊற்றவில்லை, யாரும் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. லாரி வருவதற்கு முன்பே அவள் போய்விட்டாள். பழைய போலீஸ் கோப்புகளைத் திறந்து பார்க்கலாம் என்று காலம் மாறியபோது அங்கமுத்து போய்ப் பார்த்தார். அதில் அவள் பெயர் இல்லை. சங்கத்தின் பொருளாளர் பூபாலனின் கையெழுத்து இருந்தது, எந்த பூபாலனின் அடக்கத்தில் அங்கமுத்து ஒரு மணி நேரம் பேசினாரோ அந்த பூபாலன். கோப்பை மூடிவிட்டு வந்தார். வந்ததிலிருந்து அவள் பெயரைச் சொல்வதை நிறுத்திக்கொண்டார், வாக்கியத்தை மட்டும் நிறுத்தவில்லை. அன்று அந்த வாசிப்பைக் கூடி நின்று கேட்டவர்களில் யாரும் உயிரோடு இல்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்த வாக்கியம் மட்டும் தெரியும்.

பெகா நிழலை ஒட்டி அடித்தளம் தோண்டினான். நிழல் விழும் இடத்தில் கயிறு பிடித்தால் மட்டம் பார்க்கவே வேண்டியதில்லை. சுவர் எழ எழ, அதுவரை தனியாகத் திரிந்த நிழல் சுவரின் காலடியில் வந்து படுத்து மற்ற நிழல்களைப் போல சாதுவாகிவிட்டது. குளிர்காலம் முடிவதற்குள் ஆறு அறைக்கும் புல் வேய்ந்தாயிற்று. ஏழாவதன் சுவரும் எழும்பிற்று. ஆனால் கிண்டுகிறவள் போகவில்லை. வெயில் உள்ளே இறங்கும் நேரமெல்லாம் அவள் தரையில் நின்று வேலை செய்தாள். ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அந்த இடத்தில் நின்று, தோளைத் தாழ்த்தி, அகப்பையைத் தூக்கிப் பார்த்தார்கள். பேக்கரியில் வேலை பார்த்த ஒருத்தி, இடுப்பு சரியாக இருக்கிறது, தலைதான் பொருந்தவில்லை என்று மூன்று நாள் வந்து நின்றாள். யாருக்கும் பொருந்தவில்லை. பெகா கூரை போட மறுத்தான்.

"கூரை போட்டா அவளுக்கு வெயில் எங்கேர்ந்து வரும்? வெயில் இல்லாம அவ எங்க நிப்பா?"

மூன்று கூட்டம் நடந்தது. மூன்றிலும் ஜபூலிலே ஒன்றையே சொன்னாள். "உள்ளே ஒருத்தி வேலை செஞ்சிட்டிருக்கா. அவ யாருன்னு தெரியாம, அவளை வான்னு ஒரு வார்த்தை கூப்பிடாம, வந்தவங்களுக்கு நாம எப்படி வாசல் திறக்கிறது?"

"அது நிழல், ஜபூ" என்றார் அங்கமுத்து. "நிழலுக்கெல்லாம் அழைப்பு அனுப்ப முடியாது. செப்டம்பர் வந்துடுச்சுன்னா வீடு அடுத்த ஊருக்குப் போயிடும்."

"நாலு மாசமா அந்த நிழல்லதான் பாபா உக்காந்திருக்கோம். நீங்களும்தான்."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள், சந்தேகத்தோடு அல்ல, ஏதாவது வழி சொல்லுங்கள் என்கிற பார்வை. பொய் சொல்லாதவர் என்று அந்தச் சரிவில் அவருக்குப் பெயர். அந்தப் பெயர் ஒன்றுதான் எழுபத்து நான்கு வருடத்தில் அவர் சேர்த்தது. வாயைத் திறந்தால் அது போகும். திறக்காவிட்டால் வீடு போகும். அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்து, மறுநாள் விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல், அவள் சாவு வீடுகளுக்குச் சமைத்துப் பிழைப்பதாகக் கேள்விப்பட்டிருந்த கடற்கரைப் பட்டணத்துக்கு வேன் ஏறினார். காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டார்.

தமிழர்கள் குடியிருக்கும் பகுதியில் நான்காவது தெருவில், ஒரு சாவு வீட்டுக்காக, ஆள் உட்காரும் அளவு பானையில் பீன்ஸ் கறி கொதித்துக்கொண்டிருந்தது. கிண்டிக்கொண்டிருந்தவளின் இடது தோள் தாழ்ந்திருந்தது. முற்றத்தில் பளீரென்று வெயில் அடித்தது. அவள் காலடியில் மட்டும் நிழல் இல்லை.

"யாரு?"

"அங்கமுத்து."

அவள் திரும்பவில்லை. "எந்த அங்கமுத்து? எனக்குத் தெரிஞ்ச அங்கமுத்து கையில நோட்டீசு இல்லாம எங்கேயும் வரமாட்டானே."

அவர் நின்றபடியே நிழலைப் பற்றிச் சொன்னார். அவள் ஆச்சரியப்படவில்லை.

"அதானே பார்த்தேன். நாலு மாசமா வெயில்ல நடந்தா கீழே ஒண்ணும் விழலை. டாக்டர்கிட்ட காட்டினேன், சத்து மாத்திரை எழுதிக் குடுத்தான். அங்க வந்து நிக்குதா அது? சங்கத்துக்காரர் ஊருல என் நிழல் கூலி இல்லாம வேலை செய்யுது. கேட்டா வெட்கமா இல்லையா உனக்கு?"

"நீ காட்டிக்குடுக்கலைன்னு எனக்குத் தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"ஃபைலைப் பார்த்ததுலேர்ந்து. இருபத்தி நாலு வருஷம்."

"எனக்கு அது உனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள். அகப்பையை மூக்குக்கு உயர்த்தி மோந்தாள், ஒரு பிடி உப்புப் போட்டாள். "இப்ப என்ன வேணும்?"

"மன்னிச்சிக்கோ. மன்னிச்சிட்டு ஒரு தடவை வந்துட்டுப் போ."

"என்ன முணுமுணுக்குறே? அன்னைக்கு டிரம்மு மேல ஏறி நின்னு கத்தினது, ஆலையைத் தாண்டி, பங்களாவைத் தாண்டி, அடுப்பங்கரையில இருந்த எனக்குக் கேட்டுச்சு. திருத்தத்தை மட்டும் கிட்ட வந்து காதுல ஊதுறியா? சாட்சி வெச்சு வாசிச்சதை சாட்சி வெச்சுத்தான் திருத்தணும், படையாச்சி."

"அந்தச் சாட்சியெல்லாம் செத்துப்போச்சு."

"புள்ளைங்க இருக்காங்களா இல்லையா? பேச்சை அவங்ககிட்ட வெச்சிட்டுத்தானே செத்தாங்க."

 பானைக்கு அடியில் விறகு ஒன்று சரிந்தது. அவள் குனிந்து தள்ளிவிட்டாள்.

"பதினோரு மாசம் உள்ளே இருந்தியே. உன் புள்ளைங்க மூணும் என்னத்தைத் தின்னுச்சுங்க?"

"சங்கம் குடுத்துச்சு."

அவள் முதல்முறையாகத் திரும்பி அவரை முழுசாகப் பார்த்துச் சிரித்தாள். "சங்கம்! பூபாலன் கொண்டாந்து குடுத்தானா? விடியறதுக்குள்ள உன் வீட்டுப் பின்வாசல்ல சோத்து ஏனத்தை வெச்சிட்டு வருவேன். உன் பொண்டாட்டி தனபாக்கியம் காலி பண்ணிக் கழுவிக் கவுத்து வெச்சிருக்கும். நான் ஊரை விட்டுப் போறவரைக்கும். அதுக்கு அப்புறமும் ஆள் மூலமா மாவு அனுப்பினேன்."

"அவ எங்கிட்ட சொல்லவே இல்லையே. சாகுறவரைக்கும் சொல்லலையே."

"நான்தான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். சொல்லியிருந்தா அந்தச் சோத்தையும் போராட்டத்தோட வெற்றின்னு நோட்டீசுல போட்டிருப்பே."

யாருக்கும் கடன்படாதவன் என்று எத்தனையோ மேடைகளில் சொன்ன மனிதர், சாவு வீட்டுப் பானைக்கு முன்னால், அரைநூற்றாண்டுக்கு முந்தின சோற்றின் கனம் வயிற்றில் இறங்க இறங்க நின்றார். தன் மூத்த மகளின் உயரம், நடு மகனின் பல், கடைசிப் பெண்ணின் சிரிப்பு, எல்லாம் அந்த ஏனத்திலிருந்து வந்தவை. கிளம்பும்போது அவள் ஒரு டப்பாவில் கறியும் ரொட்டியும் போட்டு நீட்டினாள். இரண்டு கையும் தானாகக் குவிந்து போய் வாங்கின. அதை அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

"வாசிக்கிற அன்னைக்குச் சொல்லியனுப்பு" என்றாள். "வேன்ல வந்து உக்காந்திருப்பேன். கீழ இறங்குறதா இல்லையான்னு கேட்டுட்டு முடிவு பண்றேன்."

அங்கமுத்து ஊருக்குத் திரும்பி நேராக ஜபூலிலேயிடம் போய், உண்மை முழுவதையும் சொன்னார்.  பிறகு, "இருபத்தி நாலு வருஷம்" என்றாள். "நாங்க குழந்தையா இருந்தப்போ அவளைத் திட்டி ஒரு பாட்டு பாடுவோம் பாபா. கயிறு தாண்டும்போது. என் பொண்ணுக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன்." முடிவில், "எழுதுங்க. நான் ஊரைக் கூட்டுறேன். யாராவது கல்லை எடுத்தா நான் தடுக்கமாட்டேன்" என்றாள்.

எழுதுவது சுலபமாக இல்லை. அவர் வாழ்நாளில் எழுதிய துண்டறிக்கை ஒவ்வொன்றும் "கண்டிக்கிறோம்" என்று தொடங்கியது. பேனா அந்தத் தடத்திலேயே போனது. மூன்று நாள் கிழித்துப் போட்டார். ஆலை முதலாளியைக் கண்டிக்க ஒரு பக்கம் வந்தது, போலீசைக் கண்டிக்க ஒரு பக்கம், பூபாலனைக் கண்டிக்க நாலு பக்கம் வந்தது. எல்லாம் உண்மைதான், எதிலும் அவள் இல்லை. நான்காம் நாள் காலை, பெகா தொட்டியில் குழாய் பொருத்தும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கையில், வேறு ஒரு சொல்லில் தொடங்கினார். பிறகு அது அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

செப்டம்பர் முதல் தேதி, சூரியன் நன்றாக ஏறிய நேரத்தில், நாற்பது குடும்பமும் தாழ்வாரத்துக்கு முன்னால் கூடியது. வடக்கே போன லாரியில் ஏறியவர்களின் பிள்ளைகளும் தெற்கே போன லாரியில் ஏறியவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். பச்சைக் காரில் வந்த அதிகாரி, பறவை பார்க்கும் ஐந்து பேரும் மறுநாள் வருவார்கள், சமையலறைக்குக் கூரை எங்கே என்று கேட்டாள். அவளுக்கு ஒரு முக்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். ஆற்றுப்பாதையில் ஒரு வேன் வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. கண்ணாடி மட்டும் இறங்கியது.

"இங்கேயே கேக்கும்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "வாசி."

சமையலறை வாசலில் அங்கமுத்து நின்றார். அவருக்குப் பின்னால் தரையில், கிண்டுகிற கை கிண்டியபடி இருந்தது. அந்த ஊர் வழக்கப்படி, சாட்சி சொல்ல வந்தவர்கள் வாசிப்பவன் ஒவ்வொரு வாக்கியம் முடிக்கும்போதும் கேட்டோம் என்று சொல்ல வேண்டும். கேட்டோம் என்று சொல்லாத வாக்கியம் வாசிக்கப்படாத வாக்கியம்.

"நன்றி கூறுகிறோம்" என்று தொடங்கினார்.  தாளைக் கண்ணுக்கு இன்னும் கிட்டே பிடித்து மறுபடி வாசித்தார். "நன்றி கூறுகிறோம்."

"கேட்டோம்" என்றது கூட்டம்.

"ஆலைப் போராட்டத்தில் குழுவைக் காட்டிக்கொடுத்தது மானேஜர் வீட்டுச் சமையல்காரி என்று நான் எழுதினேன், ஊர் கூட்டி வாசித்தேன். அது பொய்."

 கூட்டத்தின் நடுவிலிருந்து, அன்று அங்கமுத்துவோடு சிறைக்குப் போன ஒருவரின் மகன் எழுந்தான், அங்கமுத்துவையே முறைத்துக்கொண்டு நின்றான், அப்புறம் நின்றபடியே, மற்றவர்களோடு சேர்ந்து, "கேட்டோம்" என்றான்.

"எழுதியபோது அது பொய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு இருபத்து நான்கு வருடம் வாய் மூடியிருந்தேன். முதலாவதற்குக் காரணம் உண்டு. இரண்டாவதற்கு என் கர்வத்தைத் தவிர காரணம் இல்லை."

"கேட்டோம்" என்றாள் ஜபூலிலே, மற்றவர்களை விட ஒரு நொடி தாமதமாக.

"நான் சிறையில் இருந்தபோது, ஊர் அவளுக்கு ஒரு சொட்டுப் பாலும் ஊற்றாதிருந்தபோது, என் வீட்டுப் பின்வாசலில் அவள் சோறு வைத்துவிட்டுப் போனாள். என் பிள்ளைகள் அதைத் தின்று வளர்ந்தார்கள். நான் எதற்கும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். இந்தச் சோற்றுக்குச் சொல்கிறேன்."

"கேட்டோம்."

"இந்த வீட்டில் அடுப்பு அவளுடையது. அவள் வந்தாலும் வராவிட்டாலும் அவளுடையது. அவளை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை இந்த ஊர் மறக்கும்படி நான் செய்தேன். இப்போது சொல்கிறேன், எல்லாரும் சாட்சி."

வேனின் கதவு சத்தத்தோடு பின்னால் நகர்ந்தது. ஒரு கால் வெளியே வந்து, படியில் நின்றது. அங்கமுத்து தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆற்றுப்பாதை வரைக்கும், அதற்கு அப்பாலும் கேட்கும்படி, டிரம்மின் மேல் நின்ற நாளின் குரல் எங்கிருந்தோ திரும்பி வர, வாசித்தார்:

"மாரப்பன் மகள் கன்னியம்மா."